மழைக்காலத்தில் சினை மாடு: வெளியிலா, கொட்டகையிலா?



ஐப்பசி பிறந்தாலே நம் கூட்டங்களில் இந்தக் கேள்வி வந்துவிடும். சினை மாட்டை எப்பவும் போல மேய விடலாமா, கொட்டகையிலேயே கட்டிப் போடணுமா? குழுக் கடனில் வாங்கிய மாடு என்றால் கவலை இரண்டு மடங்கு. மாடு போனாலும் தவணை போகாது.

பசுவுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 9 மாதம் 9 நாள், எருமைக்கு 10 மாதம் 10 நாள். மாசியில் சினை ஊசி போட்ட பசு கார்த்திகை வாக்கில் கன்று போடும். வயிற்றுக் கன்று வேகமாக வளரும் கடைசி இரண்டு மாதமும் நம்ம பக்கத்து அடைமழையும் ஒண்ணா வருது.

"பனி பட்டா மாட்டுக்கு ஆகாது" என்று பெரியவங்க சொல்வாங்க. ஆனால் நம்ம கரையோரத்தில் தை மாச ராத்திரியில்கூட குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். உடம்பு காய்ந்திருந்தால் மாடு இதைவிடப் பல மடங்கு குளிரைத் தாங்கும். கனடாவில் பனி கொட்டும்போதே சினை மாடுகளை வெளியில் வைத்திருக்கிறார்கள். காற்றை மறைக்க மரவரிசை, படுக்க வைக்கோல், கூடுதல் தீனி, இவ்வளவுதான் ஏற்பாடு. குளிர் எதிரி இல்லை. ஈரமும் வாடைக்காற்றும் சேறும்தான் எதிரி. ரோமம் நனைந்துவிட்டால் அதற்குள் நிற்கும் கதகதப்பு போய்விடும். தின்ற தீனியெல்லாம் உடம்பைச் சூடாக்கவே சரியாப் போகும், கன்றுக்குச் சேராது.

இன்னொரு விஷயம், இதை நாம் கவனிப்பதே இல்லை. மாடு ஒரு நாளில் 10 முதல் 12 மணி நேரம் படுக்க வேண்டும். படுத்திருக்கும்போதுதான் கருப்பைக்கும் மடிக்கும் ரத்தம் நன்றாக ஓடும். சேற்றில் மாடு படுக்காது, ராத்திரி முழுக்க நின்றே இருக்கும். குளம்பு அழுகும். வேறு வழியில்லாமல் படுத்தால் மடிநோய் வரும்.

அப்போ கொட்டகைதான் நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒழுகுற கொட்டகை, மூத்திரம் தேங்குற கொட்டகை வெளியைவிட மோசம். உள்ளே போய் ஒரு நிமிஷம் முழங்காலை ஊன்றிப் பாருங்க. புடவை நனைந்தால் அது மாடு படுக்கும் இடம் இல்லை. கண் எரிந்தால் காற்றோட்டம் போதவில்லை. நாலு பக்கமும் படுதா கட்டி மூடுவது தப்பு. வடக்கையும் கிழக்கையும் கீற்றால் மறைத்து, தெற்கைத் திறந்து விடுங்க. தரைக்கு மேட்டு மணல் போடலாம், நனைந்ததை அள்ளிவிட்டுப் புதுசு போடணும். அலை தொட்ட மணல் உப்பால் ஈரத்தை இழுக்கும், அது வேண்டாம். தரையில் பின்பக்கச் சரிவு அதிகமாக இருந்தால் நிறைமாத மாட்டுக்கு அடி தள்ளும்.

ஒரே இடத்தில் கட்டிப் போடுவதும் ஆகாது. நடை இல்லாத மாட்டுக்குக் கன்று போடுவது சிரமமாகலாம். எங்கள் யோசனை இது: மழை விட்ட பகலில் மேய்ச்சல், ராத்திரியும் மழை நேரமும் கூரைக்குக் கீழே. கன்று போட இரண்டு வாரம் இருக்கும்போது வீட்டுப் பக்கத்திலேயே வைத்து, காலாற நடக்க மட்டும் விடுங்க. கடைசி இரண்டு மாதமும் வழக்கத்தைவிட 1 முதல் 1½ கிலோ கலப்புத் தீவனம் கூட்டிக் கொடுக்கணும். குடிக்க நல்ல தண்ணி, கழிமுகத் தண்ணி இல்லை.

புயல் சமயம் தனிக் கதை. காட்டுப்பள்ளிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று இந்தக் கரை பார்த்துவிட்டது. எச்சரிக்கை வந்ததும் மாட்டை மேட்டுக்கு ஓட்டுங்க. மரத்தடியில் கட்டாதீங்க. தண்ணி ஏறினால் கயிற்றை அவிழ்த்து விடுங்க, கட்டின மாடு நீந்த முடியாது. காப்பீடு செய்த மாட்டின் காதில் வில்லை இருக்கிறதா என்று புரட்டாசியிலேயே பாருங்க.

ஈன்ற கன்றைக் காய்ந்த சாக்கால் துடைத்து, காற்று படாத இடத்தில் விட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்க. நஞ்சுக்கொடி 12 மணி நேரத்தில் விழாவிட்டால் கையால் இழுக்காதீங்க. கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்க, இல்லையென்றால் 1962-க்கு போன் போடுங்க.