கனெக்டட் கார் செக்யூரிட்டி: 'அடுத்த மல்டிபேக்கர்'னு சொன்னா உடனே வாங்கிடாதீங்க!

"இனிமே எல்லா காரும் இன்டர்நெட் கார்தான். அதுக்கு செக்யூரிட்டி குடுக்குற கம்பெனி ஷேரை இப்பவே வாங்கிப் போடு." இப்படி ஒரு மெசேஜ் உங்க ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்லயும் வந்திருக்கலாம். சம்பளத்துல மிச்சம் பிடிச்ச பணத்தைப் போடுறதுக்கு முன்னாடி, இந்தத் தொழில்ல யார் என்ன செய்றாங்கன்னு பார்த்துடலாம்.

தேவை உண்மையா?

உண்மைதான். 2015-ல சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், ஓடிக்கிட்டிருந்த ஜீப் செரோகி காரை மொபைல் நெட்வொர்க் வழியா தூரத்துல இருந்தே கட்டுப்படுத்திக் காட்டினாங்க. ஃபியட் கிறைஸ்லர் அமெரிக்காவுல சுமார் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாச்சு. அப்புறம் ஐ.நா.வோட ஆர்155 விதி வந்தது. ஐரோப்பிய யூனியன்ல 2022 ஜூலையில இருந்து புது மாடல்களுக்கும், 2024 ஜூலையில இருந்து எல்லா புது வண்டிகளுக்கும் இது கட்டாயம். அதனால கார் கம்பெனிகள் இதுக்கு செலவு பண்ணியே ஆகணும்.

யார் என்ன செய்றாங்க?

1. ஆர்கஸ் (இப்போ பெயர் பிளாக்ஸிடிட்டிஎக்ஸ்): இஸ்ரேல் கம்பெனி. காருக்குள்ள இருக்குற சின்னச் சின்ன கம்ப்யூட்டர்களையும் அவை பேசிக்கிற நெட்வொர்க்கையும் காவல் காக்கும். 2017-ல ஜெர்மனியோட கான்டினென்டல் குழுமம் வாங்கிடுச்சு.

2. அப்ஸ்ட்ரீம்: இதுவும் இஸ்ரேல்தான். வண்டியில எதையும் மாட்டாம, கிளவுடுக்கு வர்ற டேட்டாவை வச்சே தாக்குதலைக் கண்டுபிடிக்கும்.

3. விக்ஒன்: டோக்கியோவுல லிஸ்ட் ஆன ட்ரெண்ட் மைக்ரோவோட துணை நிறுவனம்.

4. எஸ்க்ரிப்ட்: ஜெர்மனி போஷ் குழுமத்தோட ஈடாஸ் நிறுவனத்துக்குள்ள இருக்கு.

கவனிச்சீங்களா? இந்த நாலுல எதையும் நேரடியா நம்ம மார்க்கெட்ல வாங்க முடியாது. நம்ம ஊர்ல லிஸ்ட் ஆன போஷ் ஷேரை வாங்கினாலும் எஸ்க்ரிப்டை வாங்கினதா ஆகாது. கேபிஐடி, டாடா எலெக்ஸி மாதிரி கம்பெனிகள் கார் சாஃப்ட்வேர் வேலை செய்றாங்க. அதுல செக்யூரிட்டி ஒரு பகுதி மட்டும்தான்.

ஒரு சின்ன கணக்கு

ஒரு கம்பெனியோட வருமானம் 100 ரூபாய், அதுல கார் செக்யூரிட்டி 3 ரூபாய்னு வச்சுக்குவோம். அந்தப் பிரிவு ரெண்டு மடங்கு ஆனாலும் மொத்த வருமானம் 103 தான். "இந்த தீம் டபுள் ஆகும்"னு நம்பி 40 சதவீதம் கூடுதல் விலைக்கு வாங்கினா, அந்த 40-ஐ யார் ஈடு கட்டுவாங்க?

அதனால ஆண்டறிக்கையில மூணு விஷயம் பாருங்க:

- மொத்த வருமானத்துல இந்தப் பிரிவோட பங்கு எவ்வளவு?
- ஒவ்வொரு வண்டிக்கும் தொடர்ந்து வர்ற வருமானமா, ஒரு தடவை ப்ராஜெக்ட் பணமா?
- ஒண்ணு ரெண்டு கார் கம்பெனியை மட்டுமே நம்பியிருக்கா?

இந்தப் பங்கு எவ்வளவுன்னு அறிக்கையிலேயே தனியா சொல்லலைன்னா, அதுவே ஒரு பதில்தான்.

கார் வாங்கப் போறீங்களா?

அப்போ இது இன்னும் நேரடியா உங்க பர்ஸை பாதிக்கும். 7 வருஷ லோன் போட்டு, செக்யூரிட்டி அப்டேட் 3 வருஷத்துல நின்னுபோனா, மீதி 4 வருஷமும் பழைய பூட்டுக்குத்தான் இஎம்ஐ கட்டுவீங்க. "அப்டேட் எத்தனை வருஷம் வரும், அதுக்கு சந்தா எவ்வளவு?"ன்னு ஷோரூம்ல கேட்டு, பதிலை எழுத்துல வாங்கிடுங்க.

இது முதலீட்டுப் பரிந்துரை இல்லை நண்பர்களே, புரிஞ்சுக்கிறதுக்கு மட்டும்தான். உங்க கார்ல அப்டேட் எத்தனை வருஷம்னு கேட்டுப் பார்த்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க.