பழைய எம்ஜிபி கார் வாங்குமுன் கதவுக்குக் கீழே பாருங்கள்

பாசிர் கூடாங்: புதுப்பித்து விற்கப்படும் பழைய பிரிட்டிஷ் கார்களில், கூரையை மடிக்கக்கூடிய எம்ஜிபி பலருக்கும் பிடித்த ஒன்று. இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரானது. 1,798 சிசி எஞ்சின் கொண்டது. எஞ்சின் கெட்டால் சரிசெய்துவிடலாம். உதிரி பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

உடல் துருப்பிடித்திருந்தால்தான் பெருஞ்செலவு. இந்தக் காருக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. உறுதியான கூரையும் இல்லாததால், கதவுகளுக்குக் கீழே இருபுறமும் நீளவாக்கில் உள்ள தகட்டுப் பெட்டிகளே வண்டியை வளையாமல் தாங்குகின்றன. ஜொகூர் நீரிணையை ஒட்டிய பாசிர் கூடாங்கின் உப்புக் காற்றிலும் மழையிலும் அவை உள்ளிருந்தே அரிக்கப்படலாம். மேலே பட்டி பூசிச் சாயமடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை அங்கே வைத்துப் பார்க்கலாம். பட்டி தடிமனாக இருந்தால் ஒட்டாது. ஜாக்கியால் தூக்கும்போது கதவின் இடைவெளி மாறினாலோ, கதவு இறுகினாலோ அடிப்பகுதி பலவீனமாக இருக்கிறது என்று பொருள்.

கிராண்ட்டில் உள்ள சேசிஸ், எஞ்சின் எண்களையும் காரில் உள்ளவற்றுடன் ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால், பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் சிக்கல் வரும். இவற்றையெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.