கரண்டு நமக்கு, சாம்பல் யாருக்கு?



எங்க சித்தி வீடு சென்னை எண்ணூரில் இருக்கிறது. மே லீவுக்குப் போயிருந்தேன். சித்தி தினமும் காலையில் முதல் வேலையாக ஜன்னலையும் திண்ணையையும் துடைப்பார். துணி சாம்பல் நிறமாகிவிடும். "நேத்துதானே துடைச்சீங்க?" என்று கேட்டேன். "நாளைக்கும் துடைப்பேன்டி" என்றார். சித்தி பையனுக்கு ஆறு வயசு. ராத்திரியில் மூச்சு இழுக்கும்.

இந்தத் தூசி எங்கிருந்து வருகிறது?

எண்ணூர், மணலி, அத்திப்பட்டு, வல்லூர் பகுதியில் அனல் மின் நிலையங்கள், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, ரசாயன ஆலைகள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் உள்ளன. அனல் மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்து, நீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் டர்பைனைச் சுற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். நம் நாட்டு நிலக்கரியில் 100 கிலோ எரித்தால் 30 முதல் 40 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். நம்ம வீட்டு அடுப்பில் ஒரு கட்டு விறகு எரித்தாலும் ரெண்டு கைப்பிடிதான் வரும்!

தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துண்டை இழுக்கும் அல்லவா? அதே போல மின்னூட்டம் ஏற்றிய தகடுகள் புகையில் உள்ள சாம்பலைப் பிடிக்கும். பிடித்த சாம்பலைத் தண்ணீரில் கலந்து குளத்தில் விடுவார்கள். குளம் காய்ந்தால் அது காத்துல பறக்கும்.

தகட்டில் சிக்காத நுண்தூசிதான் ரொம்ப ஆபத்து. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியது. தலைமுடித் தடிமனில் சுமார் 30-இல் ஒரு பங்கு. மூக்கில் நிற்காமல் நுரையீரலின் அடி வரை போய்விடும்.

நிலக்கரியில் உள்ள கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடு வாயுவாகும். மூச்சுக்குழாயை எரிக்கும். புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசலால் கழுவினால் இது பெருமளவு குறையும். இந்த வாயுவுக்கு மத்திய அரசு 2015-இல் அளவு விதித்தது. கெடு பலமுறை தள்ளிப்போனது. 2025-இல் பல நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். பெரிய நகரங்களை ஒட்டியவற்றுக்கு மட்டும் 2027 முடிவு வரை கெடு.

மரம் நட்டால் போதும் என்று நானும் நினைத்தேன். சித்தி வீட்டு முருங்கை இலையிலும் தூசிதான் படிந்திருந்தது. புகையை அது கிளம்பும் இடத்திலேயே கழுவ வேண்டும். அதைக் கேட்க வேண்டியது பெரியவர்கள். நாம் செய்யக்கூடியது, இன்டர்வெல்லுக்கு ஓடும்போது ஃபேனை நிறுத்துவது. நம்ம ஃபேன் சுற்றும் கரண்டிலும் நிலக்கரிக்குப் பங்கு இருக்கு.

- 9-ஆம் வகுப்பு மாணவி