பட்டா இல்லாதவரின் இழப்பை யார் எழுதுவது?

ஆடலூர் மலையில் கார்த்திகை, மார்கழி என்றால் காப்பிப் பழம் எடுக்கும் காலம். விடியலிலேயே தோட்டத்துக்கு ஏறும் பெண்களில் நம் தலித் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள் ஏராளம். பழுக்கும் நேரத்தில் மழை விடாமல் பிடித்துக்கொண்டால் பழம் வெடித்து உதிர்கிறது. தோட்டக்காரருக்கு விளைச்சல் போகிறது. எடுக்கப் போனவருக்கு அன்றாடக் கூலி போகிறது. முதல் இழப்பை எழுதிக்கொள்ள அரசிடம் கணக்கு உண்டு. இரண்டாவதை எழுதுவது யார்?

இந்தக் கேள்விக்கும் உலக நாடுகள் கூடிப் போடும் காலநிலை ஒப்பந்தங்களுக்கும் தொடர்பு இருக்கிறது. 1992இல் பிரேசிலின் ரியோ நகரில் ஐ.நா. உடன்படிக்கை நாடுகளின் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் இல்லை என்பது அதன் அடிப்படை. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து வளமான நாடுகள் கூடுதலாகச் சுமக்க வேண்டும்; ஏழை நாடுகளுக்குப் பணமும் தர வேண்டும். 2015இல் வந்த பாரிஸ் ஒப்பந்தம், புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல வேண்டும் என்றது. ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே எழுதிக் கொடுக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. இலக்கை எட்டாவிட்டால் தண்டனை ஏதும் இல்லை.

பாதிக்கப்பட்ட நாடுகளுக்கு இழப்பீட்டு நிதி அமைக்க 2022 எகிப்து மாநாட்டில்தான் ஒப்புக்கொண்டார்கள். மறு ஆண்டு துபாயில் அதற்கு வந்த வாக்குறுதி சுமார் 70 கோடி டாலர். 2024இல் பாகு மாநாட்டில், 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்டுவதாகச் சொன்னார்கள். இது போதாது என்று இந்தியா அங்கேயே எதிர்த்தது. நியாயமான எதிர்ப்பு.

அந்த நியாயத்தைத்தான் நாம் உள்ளூரிலும் கேட்கிறோம். காரும் ஏ.சி.யும் இல்லாத கூலிக் குடும்பம் காற்றில் விட்ட புகை எவ்வளவு? அதன் தலையில் விழும் சுமை எவ்வளவு?

பயிர் 33 சதவீதம் அழிந்தால் ஹெக்டேர் கணக்கில் நிவாரணம் தரப் பேரிடர் நிதி விதி இருக்கிறது. ஹெக்டேர் என்றாலே நிலம் வேண்டும். நமக்கு நிலம் இல்லாமல் போனது தற்செயல் அல்ல. 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களே கைமாறிப் போன வரலாறு நமக்குத் தெரியும். 2004 சுனாமியின்போது நாகை மாவட்டத்தில் தலித் விவசாயக் கூலிகள் நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டதாகப் புகார்கள் வெளிவந்தன. படகும் நிலமும் இல்லாதவர் எதை இழந்தார் என்று காட்டுவார்? 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையில் மரங்களைச் சாய்த்துச் சாலைகளை அடைத்தபோதும், வேலை இல்லாமல் கிடந்த நாட்களுக்குச் சர்வே எண் கிடையாது.

பாரிஸ் ஒப்பந்தத்தின் முன்னுரை மனித உரிமையைப் பேசுகிறது; பழங்குடிகளை, குழந்தைகளை, புலம்பெயர்ந்தோரைக் குறிப்பிடுகிறது. சாதி என்ற சொல் அதில் இல்லை. அதை நாம்தான் பேசியாக வேண்டும்.

வழி அடியோடு இல்லாமல் இல்லை. வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு உதவ, அதே பேரிடர் நிதி விதிகளில் இடம் உண்டு. யார் பாதிக்கப்பட்டார் என்ற பட்டியல்தான் கேள்வி. கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கேட்போம். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுப்போம்.

கல்லூரிக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, மழையா காற்றா, எத்தனை வீட்டில் அன்று வேலை இல்லை, போன கூலி எவ்வளவு என்று எழுதி வையுங்கள். நிதி என்றைக்காவது மலையேறி வரும்போது, கையில் கணக்கு இல்லாமல் நாம் நிற்கக் கூடாது.