வாக்கிங் மட்டும் போதுமா?

'தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போறேன். ஆனா, தரையில உட்கார்ந்தா கையை ஊன்றித்தான் எழுந்திருக்க முடியுது!' - அறுபதைத் தாண்டிய பலர் இப்படிச் சலித்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். ஏன் அப்படி?

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியும். கோழியின் தொடைக்கறி சிவப்பு, நெஞ்சுக்கறி வெளுப்பு. நாள் முழுக்க நடக்கிற கால் தசையில், ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும் 'மயோகுளோபின்' என்ற புரதம் அதிகம். அதனால்தான் அந்தச் சிவப்பு. எப்போதாவது படபடவென்று இறக்கையடிக்க மட்டுமே உதவும் நெஞ்சுத் தசையில் அது குறைவு.

நம் உடம்பில் இந்த இரண்டு ரக இழைகளும் ஒரே தசைக்குள் கலந்திருக்கும். நிதான இழை, சளைக்காமல் உழைக்கும். வேக இழை, சட்டென்று பலம் காட்டிவிட்டுச் சீக்கிரமே களைத்துவிடும்.

எந்த இழை எப்படி இருக்கவேண்டும் என்று சொல்வது யார்? நரம்புதான்! 1960-ல் எக்கிள்ஸ் குழுவினர், பூனைகளின் வேகத் தசைக்குப் போகும் நரம்பையும் நிதானத் தசைக்குப் போகும் நரம்பையும் இடம் மாற்றி இணைத்தார்கள். வேகத் தசை நிதானமானது. நிதானத் தசை வேகமெடுத்தது!

நீங்கள் நடக்கும்போது நரம்பு விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. தசைக்குள் கால்சியம் நெடுநேரம் உயர்ந்து நிற்கிறது. அது 'கால்சிநியூரின்' என்ற புரதத்தை உசுப்பிவிட, 'நிதான இழைக்கானதைத் தயார் செய்!' என்று செல்லின் உட்கருவுக்குத் தகவல் போகிறது. கூடவே 'பிஜிசி-1 ஆல்ஃபா' என்ற இன்னொரு புரதம், சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களைப் பெருக்குகிறது. 2002-ல் எலிகளின் தசையில் இந்தப் புரதத்தை அதிகமாக்கியபோது, வெளுத்த தசையே சிவந்துபோனது!

ஆக, வாக்கிங் தேற்றுவது பெரும்பாலும் நிதான இழையை. வயதாக ஆக அதிகம் மெலிவதோ வேக இழை! தரையிலிருந்து எழவும், கால் இடறினால் விழாமல் சமாளிக்கவும் அதுதான் வேண்டும்.

வேக இழைக்குத் தேவை பாரம். சுவரை ஒட்டி உறுதியான நாற்காலி ஒன்றைப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். முதலில் ஐந்து முறை. பிறகு மெல்ல மெல்லக் கூட்டலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். மூச்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். மூட்டுவலி, இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது. சாப்பாட்டில் பருப்பு, பயறு, தயிர், முட்டை குறையவேண்டாம்.

'இந்த வயசுல இனிமே என்ன?' என்கிறீர்களா? 1990-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 86 முதல் 96 வயது வரையுள்ள முதியவர்களுக்கு எட்டு வாரம் கால்களுக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது!

வாக்கிங்கை விட்டுவிடாதீர்கள். கூடவே நாற்காலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்!