டெல்டா: ஒரு முக்கோண எழுத்தின் கதை

தஞ்சாவூர்க்காரரிடம் டெல்டா என்றால் அவருக்கு வயலும் வாய்க்காலும் நினைவுக்கு வரும். மோட்டார் மெக்கானிக்கிடம் சொன்னால் ஸ்டார்ட்டர் பெட்டியைக் காட்டுவார். கணக்கு வாத்தியார் கரும்பலகையில் ஒரு சின்ன முக்கோணம் வரைவார். 2021-ஆம் ஆண்டின் கோடையைக் கடந்து வந்தவர்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் ஒரு கணம் முகம் மாறும். இத்தனை வேலை பார்க்கும் இந்த டெல்டா, கிரேக்க நெடுங்கணக்கின் இருபத்துநான்கு எழுத்துகளில் நான்காவது. தமிழர்கள் அன்றாடம் பேசும் கிரேக்க எழுத்து எது என்று கேட்டால், இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

நான் மொழி ஆராய்ச்சியாளன் அல்லன். டிப்ளமா முடித்துவிட்டு 1981-இல் ரயில்வேயின் சிவில் பிரிவில் சேர்ந்து, பெரும்பாலும் மத்திய இந்தியாவிலேயே காலம் கழித்து, 2019-இல் ஓய்வு பெற்றவன். வேலை நாட்களில் தினமும் கையாண்ட ஓர் எழுத்து எங்கிருந்து வந்தது என்று ஓய்வுக்குப் பிறகுதான் நிதானமாகப் படிக்க முடிந்தது. படித்ததையும் பட்டதையும் நம் சங்கத்து வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கதவாகப் பிறந்த எழுத்து

கிரேக்கர்கள் எழுத்தைத் தாமே கண்டுபிடிக்கவில்லை. கடல் வாணிகத்தில் கைதேர்ந்த பினீசியர்களிடமிருந்து ஏறத்தாழ கி.மு. 8-ஆம் நூற்றாண்டு வாக்கில் பெற்றுக்கொண்டார்கள். பினீசியர் இந்த எழுத்தை 'தாலெத்' என்றார்கள். அவர்கள் மொழியில் அதற்குக் கதவு என்று பொருள். கிரேக்கர்கள் எழுத்தோடு பெயரையும் எடுத்துக்கொண்டு டெல்டா ஆக்கினார்கள். கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்குத் தனிப்பொருள் கிடையாது. கதவு போய்விட்டது, முக்கோணம் மட்டும் நின்றது.

பினீசிய எழுத்தின் வழிவந்தவர்கள் பலர். எபிரேயத்தின் தாலெத், அரபியின் தால், ரோமானியர் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த 'டி', ரஷ்யரின் 'தெ' எல்லாம் ஒரே குடும்பம். வட இந்திய ஊர்களின் ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளில் உருது எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் வரும் தாலும் டெல்டாவுக்குச் சொந்தக்காரன்தான்.

கிரேக்கர்கள் எழுத்துகளையே எண்களாகவும் பயன்படுத்தினார்கள். ஒரு முறையில் டெல்டாவுக்கு மதிப்பு 4, ஏனென்றால் அது நான்காவது எழுத்து. ஏதென்ஸ் நகரத்துப் பழைய முறையிலோ அதற்கு மதிப்பு 10, ஏனென்றால் பத்தைக் குறிக்கும் 'டெகா' என்ற சொல் டெல்டாவில் தொடங்குகிறது. ஒரே குறி ஓரிடத்தில் நான்கு, வேறோர் இடத்தில் பத்து. கணக்குப்பிள்ளைகள் எப்படிச் சமாளித்தார்களோ!

இங்கே ஒரு சுவையான செய்தி. நம் நாட்டுப் பிராமி எழுத்திலும் முக்கோண வடிவில் ஓர் எழுத்து உண்டு. அசோகர் கல்வெட்டுகளிலும் தமிழ்ப் பிராமியிலும் அது உயிரெழுத்தான ஏகாரம். வடிவம் ஒன்று போலிருந்தாலும் ஒலிக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தோற்றத்தை மட்டும் பார்த்து இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிடக் கூடாது.

நைல் முதல் காவிரி வரை

எகிப்தில் தெற்கிலிருந்து வடக்கே ஓடிவரும் நைல் நதி, கடலுக்கு முன்னால் பல கிளைகளாகப் பிரிகிறது. பிரியும் இடம் உச்சி, கடற்கரை அடிப்பக்கம். அந்த நிலத்தைக் கிரேக்கர்கள் டெல்டா என்று அழைத்ததை கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹெரோடோட்டஸின் வரலாற்றில் காண்கிறோம். வடக்கை மேலே வைத்து வரையும் இன்றைய வரைபடத்தில் இந்த முக்கோணம் தலைகீழாகத் தெரியும். கடல் வழியாக வடக்கிலிருந்து வந்து இறங்கிய கிரேக்கனின் கண்ணுக்கு அது நேராகத்தான் இருந்திருக்கும்!

அலெக்சாண்டரின் படையெடுப்பை எழுதிய அரியன், சிந்து நதியும் நைலைப் போலவே கடலருகே ஒரு டெல்டாவை உண்டாக்குகிறது என்றும், அதற்கு உள்ளூர்ப் பெயர் பட்டாலா என்றும் குறித்திருக்கிறார். ஒரு நதிக்குச் சொன்ன பெயர் பிற நதிகளுக்கும் பொதுப்பெயராவதன் தொடக்கம் அது. பிற்காலத்தில் கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என்று எல்லா முகத்துவாரங்களும் டெல்டாக்கள் ஆயின.

நம் காவிரியோ முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிட்டு, கல்லணைக்குக் கீழே வெண்ணாறு, அரசலாறு, குடமுருட்டி என்று விரல் விரலாகப் பரவுகிறது. ஆற்று வேகம் குறைந்தால் சுமந்து வந்த வண்டல் படியும். படிந்த வண்டல் ஆற்றையே வழிமறிக்கும். ஆறு வேறு வழி தேடும். இப்படிப் பல நூறு தலைமுறைகளாகக் காவிரி தானே போட்ட மண்தான் சோழ நாட்டின் நெற்களஞ்சியம். ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களில் புகுந்த 'டெல்டா' இன்று உழவர் வாயில் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. 2020-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கச் சட்டம் இயற்றியபோது, கிரேக்கர் வைத்த பெயருக்கு நம் ஊரில் சட்டத்தின் காவலும் கிடைத்தது.

வேறுபாட்டின் குறி

இனி என் தொழிலுக்கு வருகிறேன். 1755-இல் வெளியான தம் நுண்கணித நூலில் ஆய்லர் என்ற சுவிட்சர்லாந்துக் கணித மேதை, கூட்டுத்தொகைக்குச் சிக்மாவையும் வேறுபாட்டுக்கு டெல்டாவையும் பயன்படுத்தினார். வேறுபாடு என்று பொருள்படும் 'டியாஃபொரா' என்ற கிரேக்கச் சொல்லின் முதலெழுத்தும் டெல்டாதான். அன்று முதல் எந்த அளவுக்கு முன்னால் இந்த முக்கோணத்தைப் போட்டாலும் 'இவ்வளவு மாறியிருக்கிறது' என்று பொருள். பின்னாளில் ஹாமில்டன் அதையே தலைகீழாக்கி இன்னொரு குறியாகப் பயன்படுத்தினார். அந்தக் குறிக்கு வந்த பெயர் நாப்லா. அது நம் யாழைப் போன்ற ஒரு பழங்கால நரம்புக் கருவியின் பெயர்.

வகுப்பில் இது வெறும் குறி. தண்டவாளத்தில் இது உயிர் காக்கும் கணக்கு. 13 மீட்டர் நீளமுள்ள தண்டவாளம், வெப்பம் 40 டிகிரி கூடினால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். அதற்காகத்தான் அந்தக் காலத்தில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி விட்டு மீன் தகடு போட்டு முடுக்கினோம். பழைய ரயில் பயணத்தின் 'கடக் கடக்' தாளம் அந்த இடைவெளிகளின் சத்தம்.

இப்போது தண்டவாளங்களை நெடுந்தூரத்துக்கு ஒன்றாகப் பற்றவைத்துவிடுகிறோம். தாளம் போய்விட்டது, பயணம் சுகமாகிவிட்டது. ஆனால் வெப்பம் போகவில்லையே! இரு முனைகளிலும் சிறிது தூரம்தான் அசைய முடியும். நடுப்பகுதி அசைய முடியாமல் ஸ்லீப்பர்களும் ஜல்லியும் பிடித்துக்கொள்கின்றன. நீள முடியாத தண்டவாளத்துக்குள் அந்த வேறுபாடு விசையாக அடைந்து கிடக்கும். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில், பொருத்தியபோது இருந்த வெப்பத்துக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 1.9 டன் விசை சேரும். 30 டிகிரி கூடினால் ஒரு தண்டவாளத்துக்கு 57 டன். இது வண்டி ஏறாமலே உள்ள விசை. ஜல்லி குறைந்தாலோ இளகிக் கிடந்தாலோ, தண்டவாளம் பக்கவாட்டில் பாம்பு போல நெளிந்துவிடும். அதன்மேல் வண்டி வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

விதர்பாப் பகுதியில் ஒரு மே மாதம். காற்றில் 45 டிகிரி என்றால் இரும்பில் 60-க்கு மேல் இருக்கும். பகல் இரண்டு மணிக்கு ரோந்து போன கீமேன் ஒருவர், சில நாட்களுக்கு முன் ஸ்லீப்பர் மாற்றிய இடத்தில் பாதை கொஞ்சம் விலகியிருப்பதைக் கண்டார். இரண்டு விரல் அகலம்கூட இராது. அவர் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. சிவப்புக் கொடியை நட்டுவிட்டு, விதிப்படி அதிர்வெடியும் வைத்துவிட்டு, வந்துகொண்டிருந்த சரக்கு வண்டியை நிறுத்தினார். நாங்கள் டிராலியில் போய்ச் சேர்ந்தபோது அவர் வெயிலில் நின்றபடியே, "சாப், லைன் சாஸ் லே ரஹி ஹை" என்றார். பாதை மூச்சு விடுகிறதாம்! வெப்பம் தணியும்வரை வண்டிகளைத் தடுத்து, ஜல்லி கொட்டிக் கெட்டித்து, பிறகு உரிய வெப்பநிலையில் தண்டவாளத்தை அறுத்து விசையைத் தளர்த்தி மறுபடி பற்றவைத்தோம்.

அவர் பள்ளிக்கூடம் போனவர் அல்லர். கிரேக்க எழுத்து எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனால் நேற்றைய பாதைக்கும் இன்றைய பாதைக்கும் உள்ள வேறுபாட்டை அவர் கண் அளந்தது. நான் காகிதத்தில் போட்ட டெல்டாவை அவர் காலால் நடந்து கண்டுபிடித்தார். அவரைப் போன்றவர்கள் நாடெங்கும் நடப்பதால்தான் நாம் கோடை விடுமுறைக்கு நிம்மதியாக ஊருக்குப் போய் வருகிறோம்.

பாலங்களிலும் இதே கதைதான். எஃகு கர்டர் ஒன்றின் மேல் எஞ்சின் நின்றால் அது சற்று வளைந்து இறங்கும். அந்த இறக்கத்துக்கும் எங்கள் கணக்குத்தாளில் டெல்டாதான் குறி. நீளத்தில் 600-இல் ஒரு பங்குக்கு மேல் இறங்கக்கூடாது என்பது ரயில்வே எஃகுப் பால விதி. 30 மீட்டர் கர்டருக்கு 50 மில்லிமீட்டர். வண்டி போனதும் அது பழையபடி எழும்பிவிட வேண்டும். எழும்பவில்லையென்றால்தான் எங்களுக்குத் தூக்கம் போகும்.

மோட்டாரிலும் வானத்திலும்

மூன்று ஃபேஸ் மோட்டாரின் மூன்று சுற்றுகளையும் முக்கோணமாக இணைத்தால் அது டெல்டா இணைப்பு. நடுவில் ஒரு புள்ளியில் சேர்த்தால் ஸ்டார். பம்ப் செட் ஓட்டும் நம் ஊர் விவசாயிக்கு இது பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும். எடுத்த எடுப்பில் டெல்டாவில் ஓட்டினால் மோட்டார் ஏராளமான மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே முதலில் ஸ்டாரில் கிளப்புகிறோம். 415 வோல்ட்டுக்குப் பதில் ஒவ்வொரு சுற்றுக்கும் சுமார் 240 வோல்ட்தான் கிடைக்கும், இழுக்கும் மின்னோட்டமும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். வேகம் பிடித்ததும் டெல்டாவுக்கு மாற்றுகிறோம்.

வானத்தில் டெல்டா இன்னும் அழகு. 1603-இல் ஜெர்மானியரான பாயர், ஒவ்வொரு விண்மீன் கூட்டத்திலும் உள்ள மீன்களுக்குக் கிரேக்க எழுத்துகளால் பெயரிட்டார். செஃபியஸ் கூட்டத்தில் டெல்டா என்று பெயர் பெற்ற மீன் ஐந்து நாட்களுக்குச் சற்று அதிகமான கால இடைவெளியில் ஒளி கூடிக் குறைவதை 1784-இல் கண்டவர் ஜான் குட்ரிக். காது கேளாத அந்த இளைஞர் 21 வயதிலேயே காலமாகிவிட்டார். அவ்வகை மீன்கள் ஒளி மாறும் காலத்துக்கும் அவற்றின் உண்மையான பிரகாசத்துக்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவின் ஹென்ரியெட்டா லெவிட் 1912-இல் உறுதிப்படுத்தினார். அதை அளவுகோலாக வைத்துத்தான் ஆண்ட்ரோமெடா நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி அண்டம் என்பதை எட்வின் ஹப்பிள் நிறுவினார்.

பூமிக்கு அருகே வந்தால் நம் தேஜஸ் போர் விமானத்தின் இறக்கையும் டெல்டா வகைதான். விமான நிலையங்களில் 'டி' என்ற எழுத்தை ஐயமின்றிச் சொல்ல உலகெங்கும் 'டெல்டா' என்றே சொல்கிறார்கள்.

ஊர்ப் பெயரும் எழுத்துப் பெயரும்

அட்லாண்டிக் புயல்களுக்கு ஓர் ஆண்டுக்கான பெயர்ப் பட்டியல் தீர்ந்துபோனால் கிரேக்க எழுத்துகளை வைப்பது வழக்கமாக இருந்தது. 2005-இலும் 2020-இலும் அப்படி நடந்தது. 2020 அக்டோபரில் 'டெல்டா' என்ற சூறாவளி மெக்சிகோவையும் அமெரிக்காவின் லூசியானாவையும் தாக்கியது. ஒலியில் ஒன்றுபோல் இருக்கும் எழுத்துகள் மக்களைக் குழப்புகின்றன என்பது உள்ளிட்ட காரணங்களால் 2021 மார்ச்சில் உலக வானிலை அமைப்பு இந்த வழக்கத்தைக் கைவிட்டது.

அதே ஆண்டு மே 31 அன்று உலக சுகாதார அமைப்பு இதே எழுத்துகளைக் கையில் எடுத்தது. கொரோனாத் தீநுண்மியின் வகைகளை அவை முதலில் காணப்பட்ட நாடுகளின் பெயரால் மக்கள் அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். அது அந்நாட்டவர்மேல் பழி சுமத்துவதாகும் என்பதால் கிரேக்க எழுத்துகளைச் சூட்டினார்கள். 2020-இன் பிற்பகுதியில் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட வகைக்கு வந்த பெயர் டெல்டா.

அந்தப் பெயர் வருவதற்குள்ளேயே எங்கள் வீட்டில் என் மைத்துனர் போய்விட்டார். ஆக்சிஜன் சிலிண்டருக்காக அலைந்த அந்த மூன்று நாட்களை விவரிக்க எனக்கு மனமில்லை. இதைப் படிக்கும் பலருக்கும் அப்படி மூன்று நாட்கள் இருக்கும். வாழ்நாள் முழுவதும் சோறு போட்ட ஒரு குறி, செய்தித்தாளின் முதல் பக்கத்தில் மரண எண்ணிக்கைக்கு மேலே நின்றதைப் பார்த்துச் சில நாட்கள் எனக்கு அந்த எழுத்தின் மீதே வெறுப்பு வந்தது.

யோசித்துப் பார்த்தபோது பெயர் வைத்தவர்கள் செய்தது சரி என்றே பட்டது. வட நாட்டில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த நமக்கு, ஓர் ஊரின் பெயரை ஒட்டி மனிதரை அழைப்பதன் வலி தெரியாதா? தஞ்சாவூர்க்காரனும் திருநெல்வேலிக்காரனும் பாலக்காட்டுக்காரனும் 'மதராஸி' என்ற ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடந்தவர்கள்தானே! நோய்க்கு ஒரு நாட்டின் பெயரை ஒட்டினால் அயல்நாட்டில் வாழும் அந்நாட்டுப் பிள்ளையைப் பள்ளியில் விரல் நீட்டிக் கேலி செய்வார்கள். எழுத்தின் பெயரை வைத்தால் எழுத்துக்கு வலிக்காது.

இன்று பேத்திக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அந்த முக்கோணத்தைத் தயங்காமல் போடுகிறேன். அது தனியாக நின்றால் ஒன்றும் சொல்லாது, எதில் வேறுபாடு, எங்கிருந்து அளக்கிறோம் என்ற இரண்டையும் எழுதினால்தான் பொருள் வரும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

பை, சிக்மா, ஒமேகா என்று இன்னும் இருபத்துமூன்று எழுத்துகள் பாக்கி இருக்கின்றன. நம் சங்கத்தில் ஆசிரியர்களும் மருத்துவர்களும் வங்கி அலுவலர்களும் இருக்கிறார்கள். ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு எழுதினால் படிக்க நான் காத்திருக்கிறேன்.