காலடியில் ஓர் உயிர்ப்பொருக்கு

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது பழமொழி. ஆனால் கல் தேய வேண்டுமானால் எத்தனையோ எறும்புகள் எத்தனையோ காலம் ஊர வேண்டும். மனிதன் ஒரே ஒரு முறை கால் வைத்தாலும், அந்தக் காயம் ஆற ஐம்பது ஆண்டுகள்கூட ஆகக்கூடிய மண் ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா?

அந்த மண்ணைக் காண அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள யூட்டா மாநிலத்துக்குச் செல்ல வேண்டும். கொலராடோ ஆறு அங்கே செம்பாறைகளை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அதன் கரையை ஒட்டி இரண்டு தேசியப் பூங்காக்கள் உள்ளன. ஒன்று 1964ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கேன்யன்லாண்ட்ஸ். மற்றொன்று 1971ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட ஆர்ச்சஸ். நீரும் பனியும் குடைந்து உருவாக்கிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கல் வளைவுகள் ஆர்ச்சஸ் பூங்காவில் இருக்கின்றன. அவற்றைக் காண 2021ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 18 லட்சம் பேர் வந்தார்கள்.

நடப்பதற்கும், பாறை ஏறுவதற்கும், கூடாரம் அடித்துத் தங்குவதற்கும் வரும் அவர்கள் அனைவரிடமும் பூங்காக் காவலர்கள் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே: "பாதையை விட்டு இறங்காதீர்கள்." சுற்றிலும் இருப்பதோ மணல்! அதை மிதித்தால் என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் கேட்கலாம். சற்றுக் குனிந்து அந்த மணலைப் பாருங்கள்.

மணலைத் தைக்கும் இழைகள்

செடிகளுக்கு இடையே உள்ள மண், தீயில் கருகியது போலக் கறுத்துக் காணப்படும். சமதளமாக இராமல், சிறு சிறு கோபுரங்களை நெருக்கமாக அடுக்கி வைத்தாற்போல் மேடும் பள்ளமுமாக இருக்கும். சில இடங்களில் இக்கோபுரங்கள் 10 சென்டிமீட்டர் உயரம்வரை வளர்கின்றன. இது உயிருள்ள மண் பொருக்கு. இதனை நாம் உயிர்ப்பொருக்கு என்று அழைக்கலாம்.

இதில் மூன்று வகை உயிர்கள் கூடி வாழ்கின்றன. முதலாவது நீலப்பச்சைப் பாசி. நம் நெல் வயல்களில் உயிர் உரமாக இடப்படும் பாசியின் இனம்தான் இதுவும். பெயர் பாசி என்றாலும் உண்மையில் இது ஒருவகை பாக்டீரியா. இரண்டாவது, பாசியும் பூஞ்சையும் ஓருடலாகச் சேர்ந்து வாழும் லைக்கன். மூன்றாவது, வேரில்லாத சிறு செடியாகிய மாஸ்.

இவற்றுள் முதலில் குடியேறுவது நீலப்பச்சைப் பாசி. மைக்ரோகோலியஸ் என்னும் இனம் நூல் போன்ற இழைகளாக வளர்கிறது. மழை பெய்து மண் நனைந்தவுடன் இவ்விழைகள் விழித்தெழுந்து மணலினூடே நகர்கின்றன. நகரும்போது பசை போன்ற உறையைத் தம்மைச் சுற்றி உண்டாக்குகின்றன. மண் காய்ந்ததும் இழைகள் உறங்கிவிடுகின்றன. ஆனால் அந்த உறைகள் மணல் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்கின்றன. நார் பூக்களைக் கோத்து மாலையாக்குவது போல, இவ்வுறைகள் உதிரி மணலைக் கோத்து ஒரு விரிப்பாக்கிவிடுகின்றன. அதன்மேல் காற்று பலமாக வீசினாலும் மணல் எழும்புவதில்லை.

ஆண்டுக்கு 200 முதல் 250 மில்லிமீட்டர் மழையே பெறும் இந்நிலத்தில் இதன் பயன் அதோடு முடியவில்லை. மேடுபள்ளமான பொருக்கு, மழைநீரை ஓடவிடாமல் தேக்கி மண்ணுக்குள் இறங்கச் செய்கிறது. பொருக்கிலுள்ள சில பாசிகளும் லைக்கன்களும் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. ஆக, இப்பாலை நிலத்துச் செடிகளுக்குக் காவலும் நீரும் உரமும் தருவது இந்தக் கறுத்த பொருக்குதான்.

ஒரு காலடி என்ன செய்யும்?

காய்ந்த நிலையில் இவ்விழைகள் அப்பளம் போல நொறுங்கும் தன்மையுடையவை. ஒருவர் மிதித்தவுடன் அவை அறுபடுகின்றன, மணல் விடுபடுகிறது. நைந்த பொருக்கு மண்ணுக்குள் புதைந்து, ஒளி கிடைக்காமல் மடிகிறது. கேடு அந்தக் காலடியோடு நிற்பதில்லை. விடுபட்ட மணலைக் காற்று வாரிச் சென்று பக்கத்திலுள்ள நல்ல பொருக்கின்மேல் கொட்டுகிறது. மூடப்பட்ட அந்தப் பொருக்கும் ஒளியின்றி மடிகிறது.

மெல்லிய பாசிப் படலம் மட்டும் சில ஆண்டுகளில் திரும்ப உண்டாகலாம். ஆனால் லைக்கனும் மாஸும் வந்து சேர்ந்து முழுப் பொருக்காவதற்குப் பல பத்தாண்டுகள் தேவை. மழை பெய்யும் சில நாட்களில் மட்டுமே அவை வளர முடியும் என்பதே காரணம். பாலை நிலம் எவ்வளவு மெதுவாக ஆறுகிறது என்பதற்குத் தென்மேற்கே மொஹாவி பாலைவனம் சான்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டு முதல் அங்கே டாங்குப் படைகள் பயிற்சி பெற்றன. அந்த டாங்குகளின் தடங்கள் பல இன்றும் அழியாமல் தெரிகின்றன.

தூசியும் பனியும்

மணல் பறந்தால் பாலைவனத்துக்குத்தானே நட்டம் என்று எண்ண வேண்டாம். யூட்டாவின் தூசி, காற்றில் ஏறிக் கிழக்கே கொலராடோ மாநிலத்தின் உயர்ந்த மலைகளிலுள்ள பனியின்மீது படிகிறது. தூய வெண்பனி தன்மீது விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தூசி படிந்து நிறம் மங்கிய பனியோ வெயிலை உறிஞ்சிச் சூடேறி விரைவில் உருகுகிறது. கறுப்புத் துணி வெயிலில் அதிகம் சூடாவதைப் போன்றதுதான் இது.

2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதன் விளைவைக் கணக்கிட்டது. தூசியின் காரணமாகக் கொலராடோ ஆற்றின் உச்ச வெள்ளம் சராசரியாக மூன்று வாரம் முந்தி வருகிறது. ஆண்டு முழுவதும் ஆற்றில் வரும் நீரும் சுமார் 5 விழுக்காடு குறைகிறது. பனி முன்னதாக உருகி மண் வெளிப்படுவதால், செடிகளும் மண்ணும் நெடுநாள் நீரை ஆவியாக்கிவிடுகின்றன. ஏறத்தாழ நான்கு கோடி மக்கள் நம்பியிருக்கும் ஆறு அது.

இத்தூசி முழுவதற்கும் பூங்காவில் நடப்பவர்களே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் ஓட்டிவந்த மாட்டு மந்தைகளும், பின்னர் வந்த உழவும் வண்டிகளும்தான் முதற்காரணங்கள். ஆயினும், பூங்கா என்பது இயற்கையைக் காப்பதற்கென ஒதுக்கிய இடம். ஒருவர் பாதை விலகி நடந்தால், அவருடைய தடமே அடுத்தவருக்குப் புதிய பாதையாகிவிடுகிறது.

எங்கே கால் வைப்பது?

பாதை, வெறும் பாறை, வறண்ட ஓடையின் மணல் - இம்மூன்றிலும் தாராளமாக நடக்கலாம். ஓடை மணலை வெள்ளம் அடிக்கடி புரட்டுவதால் அங்கே பொருக்கு வளர்வதில்லை. பாதையில் சேறு இருந்தால் சுற்றிப் போகாமல் சேற்றிலேயே நடந்துவிட வேண்டும். கூடாரத்தை அதற்கென ஒதுக்கிய இடத்தில் அடிக்க வேண்டும். சைக்கிளைச் சாலையில் மட்டுமே ஓட்ட வேண்டும். தவறிப் பொருக்கின் நடுவே போய்விட்டால், வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்ப வேண்டும். குழுவாகச் செல்வோர் ஒருவர் தடத்தில் மற்றவர் மிதித்து வர வேண்டும். பாதையில்லாத புல்வெளிகளில் பரந்து நடக்கச் சொல்வார்கள். புல் மிதிபட்டாலும் நிமிரும் என்பதால் அங்கே அது சரி. பொருக்கு நிமிராது.

பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீரைக் கண்டால் குளிக்கத் தோன்றும். அதையும் தவிர்க்க வேண்டும். அந்நீரில் சிற்றிறால்கள் வாழ்கின்றன. குழி வற்றினாலும் அவற்றின் முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரிகின்றன. நம் உடலில் பூசிய எண்ணெயும் களிம்பும் அச்சிறு நீரைக் கெடுத்துவிடும். வற்றிய குழியை மிதிப்பதும் முட்டைகளை நசுக்குவதாகும்.

பூங்காவுக்கு வராதீர்கள் என்று அங்கே எவரும் சொல்வதில்லை. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வந்து, நடந்து, மகிழ்ந்து திரும்பிய பின்னும் பொருக்கு உயிரோடு இருக்க முடியும். அதற்கு வேண்டியது கால் வைக்கும் இடத்தைப் பற்றிய அறிவு மட்டுமே. எந்தக் காட்டிலாவது "பாதையை விட்டு விலகாதீர்" என்னும் பலகையைக் கண்டால் சற்று நின்று, இங்கே நம் காலடியில் வாழ்வது எது என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்தவரின் கால் தானாகவே பாதைக்குத் திரும்பிவிடும்.